வெள்ளிக்கிழமை நடுக்கம்

வெள்ளைக்கரடு வட்டாரத்தில் பூமி நினைத்த நேரத்தில் ஆடாது. வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பதினேழுக்குத்தான் ஆடும். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அந்த நேரத்தை விசாரித்துக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். ஐந்து மாதம் இப்படி நடந்தது. எல்லாவற்றுக்கும் காரணம், லோகநாதன் தோண்டித் தண்ணீர் வராமல் போன ஆழ்துளைக் கிணறுகள்.

லோகநாதனுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. பதினெட்டு வயதில் திருச்செங்கோட்டில் ஆழ்துளை போடும் போர்வெல் வண்டி ஏறியவர். ராஜஸ்தான், சத்தீஸ்கர், கென்யா என்று போகாத இடமில்லை. போன இடத்திலெல்லாம் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சொந்த ஊரில் மட்டும் அவருக்கு ராசி இல்லை. ஊர்ப் பாறைக்குன்றான கரட்டை ஒட்டி அறுபத்து மூன்று குழி போட்டார். ஐம்பத்தொன்றில் வெறும் கல்மாவுதான் புகையாகக் கிளம்பியது. ஊர் அவருக்கு ‘புகை லோகு’ என்று பேர் வைத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படியே போட்டார்கள். தபால் ஒழுங்காக வந்து சேர்ந்ததால் அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலை அவருடைய ஷெட்டில் வண்டிக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு ஜீப் வந்து நின்றது. நாற்பது வயதுக்குள் இருக்கிற ஒரு பெண் இறங்கினாள். தோளில் பை, காலில் மண் அப்பிய பூட்ஸ்.

“லோகநாதன் அண்ணன் நீங்கதானா?”

“நாந்தானுங். எத்தன அடி போடோணும்?”

“புதுசா ஒண்ணும் போட வேண்டாம் அண்ணே. நீங்க போட்டுத் தண்ணி வராமப் போச்சே, அந்தக் குழிகள்தான் வேணும்.”

லோகநாதன் துணியில் கையைத் துடைத்தபடி அவளை மேலும் கீழும் பார்த்தார். “ஏனுங் அம்மிணி, காலங்காத்தால வம்பிழுக்கறதுக்குன்னே நாகர்கோவில்லருந்து ஜீப் எடுத்துட்டு வந்தீங்களா?”

அவள் சிரித்துவிட்டாள். “பேச்சிலேயே ஊரைக் கண்டுபிடிச்சிட்டீங்களே!”

அவள் பெயர் மெர்லின். பூமிக்கடியில் பாறைகள் எப்படி நகர்கின்றன என்று பார்க்கிற ஆராய்ச்சி நிலையம் ஒன்றிலிருந்து வந்திருந்தாள். டீ வருவதற்குள் வண்டித் தொட்டியின் மேல் படிந்திருந்த தூசியில் விரலால் இரண்டு பெரிய வட்டம் போட்டாள்.

“அண்ணே, நீங்க இங்க தோண்டும்போது என்னென்ன நிறத்துல மாவு வந்துது?”

இதைக் கேட்க அவருக்கு முப்பது வருஷமாக ஆள் கிடைக்கவில்லை. “மொதல்ல வெள்ளைங். கோலமாவு தோத்துப்போகும். நானூறு அடி தாண்டுனா கரும்பச்சை. எண்ணூறு, தொள்ளாயிரத்துக்குப் போனா செவப்பா மணிமணியா ஒரு கல்லு வரும், மாதுளமுத்து கணக்கா. அதைத் தாண்டுனா ஹேமரு துள்ளும். கல்லு நொறுங்குன கல்லா இருக்கும். ஆனாத் தண்ணி மட்டும் இருக்காது.”

மெர்லின் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். “அண்ணே, நான் ஆறு வருஷம் மிஷின் வச்சுக் கண்டுபிடிச்சதை நீங்க வாயாலேயே சொல்லிட்டீங்க.”

அவள் முதல் வட்டத்தைத் தொட்டாள். “இந்த வெள்ளைக் கல்லுக்கு வயசு இருநூத்தைம்பது கோடி வருஷம். நாட்டுலேயே பழைய கல்லுல இது ஒண்ணு. இது ஒரு கரை.” இரண்டாவது வட்டத்தைத் தொட்டாள். “இது தெக்க இருந்து வந்த இன்னொரு கரை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சமுத்திரம் கெடந்துது.”

“இங்கயா? குடிக்கத் தண்ணியில்லாத எங்கூருலயா?”

“இங்கதான். ஐம்பத்தஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னால ரெண்டு கரையும் மோதிக்கிட்டுது. சமுத்திரம் நசுங்கிக் காணாமப் போச்சு. மோதுன எடத்துல இமயமலை மாதிரி ஒரு மலைத்தொடர் எழும்பிச்சு. மழையும் காத்தும் அதைத் தேய்ச்சுத் தேய்ச்சு, இப்ப மிச்சம் கெடக்குறதுதான் உங்க கரடு. அந்தச் செவப்பு மணி இருக்கே, ரெண்டு கரையும் இறுகுன அழுத்தத்துல வெளைஞ்சது அது.”

லோகநாதன் குனிந்து அந்த வட்டங்களைப் பார்த்தார். “அப்பிடின்னா ரெண்டு தகட்டை ஒட்டி வெல்டிங் வெச்ச மாதிரிங்க.”

“அப்படியேதான். வெல்டு வச்ச எடத்துல நீங்க ஓட்டை போட்டிருக்கீங்க.”

“வெல்டு வெச்சா அங்கதானுங்க மொதல்ல விடும். என்ற வண்டிச் சேஸிஸ்ல எத்தன தடவ பாத்திருக்கறேன்.”

மெர்லின் ஆமென்று தலையாட்டினாள். தாம் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் லோகநாதனுக்கே உறைத்தது.

“மடகாஸ்கர் நம்ம பக்கத்துலதான் ஒட்டிக்கிட்டு இருந்துது. பிரிஞ்சு போச்சு. நம்ம தரை வடக்க போயி ஆசியாவோட முட்டிச்சு. இன்னமும் முட்டிக்கிட்டுத்தான் இருக்கு. வருஷத்துக்கு விரல்நகம் வளர்ற அளவு. அங்க முட்டுறதுக்கு இங்க இறுகுது. உங்க ஊர் வெல்டுல அந்த இறுக்கம் சேர்ந்துக்கிட்டே வருது, கேட்டீங்களா.”

“எப்பொ விடுமுங்க?”

“அதுதான் தெரியாது. நாளைக்கே விடலாம். நானூறு வருஷம் கழிச்சும் விடலாம். விட்டா இந்த வட்டாரத்துல ஓட்டு வீடு ஒண்ணும் நிக்காது.”

அவளிடம் ஒரு வழி இருந்தது. நீளமான ஓர் இரும்புக் குழலை ஆயிரம் அடிக்குக் கீழே இறக்கி, பாறைக்கு ஏற்ற ஒரு சின்ன அதிர்வைக் கொடுத்தால், இறுகிய இடம் கடுகளவு நகரும். மேலே லாரி போகிற மாதிரி ஓர் ஆட்டம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பதினேழுக்கு, வாரம் ஒன்றாக இருபது இடத்தில் இதைச் செய்தால் பாறையின் இறுக்கம் தளர்ந்துவிடும். மொத்தமாக வரவேண்டிய நடுக்கம் தவணை முறையில் வந்து தீர்ந்துவிடும். புதிதாகத் துளை போட்டால் பாறையின் சமநிலை எப்படிக் கெடும் என்று சொல்ல முடியாது. பல வருஷமாகக் காய்ந்து கிடக்கிற பழைய துளைதான் வேண்டும். அப்படிப்பட்ட துளைகள் வரிசையாக, வெல்டின் மேலேயே இருப்பது உலகத்திலேயே வெள்ளைக்கரட்டில்தான்.

“ஐம்பத்தொண்ணு இருக்குது. வேணுங்கறதை எடுத்துக்குங்” என்றார் லோகநாதன். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த எண்ணைத் தலைநிமிர்ந்து சொன்னார்.

ஆனால் மெர்லினுக்கு வேண்டிய இருபதில் ஐந்து துளை நாச்சிமுத்துவின் தோட்டக்காட்டில் இருந்தன.

நாச்சிமுத்து, லோகநாதனின் அக்கா சிவகாமியின் கணவர். கரட்டின் மேலண்டை ஊரான கரட்டுப்புதூரின் பஞ்சாயத்துத் தலைவர். பதினோரு வருஷத்துக்கு முன் அவருடைய தென்னந்தோப்பு காய்ந்தபோது மச்சினன்தான் வண்டியோடு வந்து ஐந்து குழி போட்டார். ஐந்திலும் புகை. தோப்பு போனது. “உன்ற தம்பி கை வெச்ச எடத்துல இனி புல்லுகூட மொளைக்காது” என்று நாச்சிமுத்து மனைவியிடம் சொன்னார். அன்றிலிருந்து மச்சினனோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

மெர்லினைக் கூட்டிக்கொண்டு லோகநாதன் அந்த வீட்டுக்குப் போனார். நாச்சிமுத்து நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“சிவகாமி, வந்தவீங்களுக்கு மோர் குடு. என்ன சோலியா வந்தாங்கன்னு உன்ற தம்பியக் கேளு.”

நான்கு அடி தூரத்தில் நின்ற லோகநாதன், “அக்கா, அந்த அஞ்சு குழியும் இப்ப வேணுமின்னு மச்சாங்கிட்டச் சொல்லு” என்றார்.

“தண்ணி கண்டுபிடிக்கறானாமா?”

“இல்லக்கா. பூகம்பத்த நிறுத்தறாங்களாமா.”

நாச்சிமுத்துவின் கை நின்றது. சிவகாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ரெண்டு பேரும் எம்பட மூஞ்சியப் பாத்துப் பேசிப் பேசி எனக்குக் கழுத்து வலிக்குது. கொழந்தைங்களாட்ட இருக்கறீங்க.”

மெர்லின் முக்கால் மணி நேரம் விளக்கினாள். நாச்சிமுத்து கேட்டுக்கொண்டார். கடைசியில் மனைவியைப் பார்த்தே சொன்னார்: “இது என்ற காடு மட்டும் சம்பந்தப்பட்டதில்ல. கிராமசபை கூட்டி ஊரக் கேக்கோணும். ஊரு சரின்னா குழியத் தர்றேன்னு சொல்லு.”

கிராமசபைக்கு எல்லா ஊர் ஆட்களும் வந்துவிட்டார்கள். மெர்லின் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

“ஏனுங், நானூறு வருஷம் கழிச்சு வரப்போறதுக்கு இப்பொ நாம எதுக்குங்க ஆடோணும்? அவீங்க பாத்துக்க மாட்டாங்களா?”

கைதட்டல் எழுந்தது. மெர்லினின் இயந்திரம் இறுக்கத்தை அளந்து சொல்லும். நாள் குறித்துச் சொல்லாது.

அப்போது லோகநாதனின் மனைவி பரிமளா எழுந்தாள். கரட்டின் கீழண்டையில் அவர்கள் ஊரான வாய்க்கால்மேட்டு அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நாளைக்கா, நானூறு வருஷமான்னு அம்மிணிக்கே தெரியலைங்கறாங்க. எனக்கு அதுதான் பயமா இருக்குது. என்ற அங்கன்வாடி ஓட்டுக் கட்டடம். இருபத்து மூணு கொழந்தைங்க. எப்ப ஆடுமின்னு தெரியாமக் கெடக்கறதுக்கு, வெள்ளிக்கெழம பதினொண்ணேகாலுக்கு ஆடுமின்னு தெரிஞ்சா, பதினொரு மணிக்கே கொழந்தைங்களக் கூட்டியாந்து வேப்பமரத்தடியில உக்கார வெச்சுப்போடுவேன். அப்பொறம் எத்தன வேணுமின்னாலும் ஆடட்டும்.”

உட்கார்ந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. ஆனால் கை தூக்கச் சொன்னபோது முக்கால்வாசிப் பேர் தூக்கினார்கள். நாச்சிமுத்துவும் தூக்கினார், மச்சினன் பக்கம் பார்க்காமல்.

முதல் வெள்ளிக்கிழமை ஊரே வெளியே வந்து நின்றது. பதினொன்று பதினேழுக்குக் காலுக்கடியில் ஒரு முனகல் கேட்டது. எங்கோ ஒரு பாத்திரம் உருண்டது. கிணற்றுப் புறாக்கள் கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்கார்ந்தன. “இத்தனைதானா?” என்று டீக்கடை முத்தப்பன் கேட்டார். ஏமாற்றத்தில் அவருக்கு முகமே தொங்கிவிட்டது.

நான்காவது வாரத்துக்குள் எல்லாம் பழகிப்போனது. பதினொன்று பத்துக்கு முத்தப்பன் கிளாஸ்களை மணல் பெட்டியில் இறக்கிவிடுவார். பரமத்தியிலிருந்து வருகிற பஸ் ஊர் எல்லையில் நிற்கும். “எல்லாரும் எறங்குங்க, பூமி ஆடிட்டுப் போலாம்” என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். புளி உலுக்க ஆள் கிடைக்காதவர்கள் மரத்தடியில் சாக்கை விரித்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு நிச்சயதார்த்தத்தில் பெண்வீட்டார் பதில் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தபோது மணி பதினொன்று பதினேழு ஆகிவிட்டது. “பூமியே தலையாட்டிருச்சு, நீங்க என்ன யோசனை பண்றீங்க?” என்று மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத்தை நீட்டிவிட்டார்கள். அந்தக் கல்யாணம் நன்றாகவே நடந்தது.

வாரா வாரம் குழலை இறக்குகிற வேலை லோகநாதனுடையது. தமக்குத் தெரிந்த பாறையின் ஒவ்வொரு அடியையும் மெர்லினுக்குச் சொல்லிக்கொண்டே இறக்குவார். “இப்பொ வெள்ளை முடிஞ்சுது. இப்பொ பச்சை. இனி பாத்து, மெதுவா.” அவர் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ‘புகை லோகு’ என்று கூப்பிட்டவர்கள் இப்போது அதே பெயரோடு ‘அண்ணன்’ சேர்த்துக்கொண்டார்கள்.

ஏழாவது வாரத்துக்குப் பிறகு வாய்க்கால்மேட்டுக் கிணறுகளில் நீர்மட்டம் மூன்றடி இறங்கியது. ஒன்பதாவது வாரம் கரட்டுப்புதூரில், பதினோரு வருஷமாக வறண்டு கிடந்த நாச்சிமுத்துவின் கிணற்றில் தரை நனைந்தது. பன்னிரண்டாவது வாரம் அதில் ஆள் மூழ்கத் தண்ணீர்.

லோகநாதன் இரண்டு ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒரே ருசி, லேசான உப்பும் சுண்ணாம்பும்.

“அம்மிணி, தண்ணி வத்தலைங்க. எடம் மாறுது.”

மெர்லின் தலையசைத்தாள். “பாறை நகரும்போது ஒரு வெடிப்பு அடையுது, ஒரு வெடிப்பு திறக்குது. இவ்வளவு தூரம் போகும்னு நான் எதிர்பாக்கலை அண்ணே. கிராமசபையில இதைச் சொல்லாம விட்டது என் தப்பு.”

அவள் அதை அப்படியே வாய்க்கால்மேட்டில் போய்ச் சொன்னாள். திட்டு வாங்கினாள். நாலு மோட்டார்களை இன்னும் கீழே இறக்கிக் கொடுத்தாள். அதோடு சமாளித்துவிட்டார்கள்.

பத்தொன்பது வெள்ளிக்கிழமைகள் முடிந்தன. இருபதாவது துளை லோகநாதனின் சொந்தத் தோட்டத்தில், அவருடைய கிணற்றிலிருந்து முப்பதடி தள்ளி இருந்தது. கல்யாணமான புதிதில் பரிமளாவும் அவரும் ஆள் வைத்து வெடி போட்டு வெட்டிய கிணறு அது. எந்தக் கோடையிலும் வற்றாது. மூன்று ஏக்கர் மஞ்சளும் வாழையும் அதை நம்பி இருந்தன. அக்கம்பக்கத்து ஆறு வீட்டுக்கும் குடிதண்ணீர் அதுதான்.

செவ்வாய்க்கிழமை மெர்லின் வந்து கிணற்று மேட்டில் உட்கார்ந்தாள். கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழவுச் சேதி மாதிரி இருக்குதே. சொல்லுங்” என்றார் லோகநாதன்.

“பத்துக்கு ஒம்பது பங்கு இந்தக் கிணறு வத்திப் போயிரும் அண்ணே. அடியில ஓடுற வெடிப்பு அப்படித்தான் இருக்கு. வேணும்னா இந்த ஒண்ணை விட்டுரலாம். பத்தொம்பது முடிஞ்சுது. நான் எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன். யாரும் கேக்க மாட்டாங்க.”

“விட்டா என்னாகுமுங்க?”

“இந்த ஒரு மூலையில இறுக்கம் நிக்கும். ஒண்ணும் ஆகாமலும் போகலாம். எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி உங்ககிட்டப் பேச முடியாது.”

அவள் போன பிறகு லோகநாதன் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். விட்டுவிடலாம் என்றுதான் மனசு சொன்னது. ஊரே அவரவர் பங்குக்கு ஆடியாகிவிட்டது, ஒன்று குறைந்தால் என்ன? அதே நேரம், ஊரார் காட்டிலெல்லாம் குழலை இறக்கிய கை, தன் காட்டில் மட்டும் இறக்காது என்றால் அதற்கு என்ன பெயர்? சாயங்காலம் பரிமளாவிடம் சொன்னார். அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: “ஆறு வீட்டையும் கூப்புடுங்க.”

மறுநாள் காலை மோட்டார் ரூம் முன்னால் எல்லாரும் கூடினார்கள். விஷயத்தைச் சொன்னதும் எட்டு மாடு வைத்திருக்கும் குஞ்சம்மாள் வெடித்தாள்.

“எம்மாட்டுக்கு எங்கடா தண்ணிக்குப் போவேன் லோகு? பத்தொம்பது ஆட்டம் போதாதா? நீ பாட்டுக்கு ஊருக்கு நல்ல பேரு வாங்கப் போயிட்டே, நாங்க கொடத்தத் தூக்கிட்டு அலையறதா?”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

அப்போது ஒரு மொபெட் வந்து நின்றது. சேதி கேள்விப்பட்ட நாச்சிமுத்து இறங்கினார். கையில் நில அளவைச் சுருள் நாடா. மோட்டார் ரூமில் இருந்து மேட்டைப் பார்த்தார், கரட்டைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் மனைவியைத் தேடினார். அவள் வரவில்லை. குஞ்சம்மாளைப் பார்த்து ஆரம்பித்தார்.

“ஏம்புள்ள, அவங்கிட்டச் சொல்லு, என்ற கெணத்துலருந்து இது வரைக்கும்...” சட்டென்று நிறுத்தினார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு தலையைத் திருப்பி மச்சினனை நேராகப் பார்த்தார். “லோகு. என்ற கெணத்துலருந்து இங்க வரைக்கும் ஆயிரத்து நானூறு மீட்டரு. மேட்டுலருந்து பள்ளம். மோட்டாரே வேண்டாம், பைப்பு போட்டாத் தானா எறங்கும்.”

“மச்சான், அது உங்க தண்ணி...”

“எங்க தண்ணியா? பாறைக்குள்ள பூந்து உங்க பக்கத்துலருந்து வந்த தண்ணிடா அது. நாக்குல வெச்சுப் பாத்தியாமே, உங்கக்கா சொன்னா. அடுத்தவன் தண்ணிய வெச்சுட்டு எனக்கு எப்பிடித் தூக்கம் வரும்?” உடனே அதட்டினார். “நின்னு பாத்துட்டு இருந்தா? நாடாவ அந்தப் பக்கம் புடி!”

லோகநாதன் ஓடிப்போய் நாடாவைப் பிடித்தார். குஞ்சம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, “பைப்பு எம்மாட்டுக் கொட்டாயிகிட்ட ஒரு வளைவு போகோணும், சொல்லிப்போட்டேன்” என்றாள். இரண்டே நாளில் இரண்டு ஊர் ஆட்களும் சேர்ந்து பைப்பைப் பதித்துவிட்டார்கள்.

இருபதாவது வெள்ளிக்கிழமை திருவிழா மாதிரி விடிந்தது. கடைசி ஆட்டம் என்பதால் ஊர்ப்பொதுவில் விருந்து. பள்ளிக்கூட மைதானத்தில் அடுப்பு மூட்டி, வெயிலுக்குத் துணிப் பந்தல் கட்டியிருந்தார்கள். பத்தரை மணிக்கெல்லாம் இரண்டு ஊர் ஜனமும் மைதானத்துக்கு வந்துவிட்டது. பரிமளா குழந்தைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

கடைசி ஆட்டத்துக்குக் குழலை அதிரவைக்கும் பொத்தானை லோகநாதன்தான் அமுக்க வேண்டும் என்று மெர்லின் பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். துளைக்குப் பக்கத்தில் பொத்தான் இருந்த சின்னக் கருவியோடு அவரை நிற்க வைத்தாள். தான் ஐம்பதடி தள்ளி தன் கருவிகள் இருந்த வேனுக்குள் அதிர்வைக் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரத்துக்கு அவளிடமும் ஒரு பொத்தான் இருந்தது.

மணி பதினொன்று பதினைந்து. லோகநாதன் கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீரில் ஆகாயம் தெரிந்தது. இன்னும் இரண்டு நிமிஷம். கட்டைவிரலைப் பொத்தானுக்கு மேலே நிறுத்தினார்.

அப்போது தரை அவரைத் தூக்கிப் போட்டது.

மற்ற வாரங்களின் முனகல் இல்லை இது. சரக்கு ரயில் ஒன்று காலுக்கடியில் ஓடுகிற மாதிரி இருந்தது. அவர் முழங்காலில் விழுந்தார். வாழைமரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஐந்து எண்ணுகிற நேரம்தான். பிறகு எல்லாம் நின்றது. கிணற்றுக்குள்ளிருந்து நீளமாக ஒரு உறிஞ்சல் சத்தம் வந்தது. அவர் எழுந்து பார்ப்பதற்குள் ஆகாயமும் தண்ணீரும் போய், ஈரப்பாறைதான் தெரிந்தது.

ஊர்ப்பக்கமிருந்து கூச்சல் கேட்டது. அவரும் மெர்லினும் ஓடினார்கள். மைதானத்தில் சாம்பார் அண்டா ஒன்று சாய்ந்திருந்தது. ஒருவருக்கும் அடியில்லை. ஊருக்குள் பதினேழு வீட்டு ஓடு சரிந்திருந்தது. அங்கன்வாடியின் மேற்குச் சுவர் விழுந்து, விட்டத்தோடு கூரை உள்ளே இறங்கிக் கிடந்தது. வேப்பமரத்தடியில் இருபத்து மூன்று குழந்தைகளும் அதை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கைதட்டினாள்.

“ஏனுங் அம்மிணி, கடைசின்னு இத்தன பெருசா வெச்சுட்டீங்க?” என்று முத்தப்பன் கேட்டார். “அதுவும் ரெண்டு நிமிஷம் முந்திருச்சே!”

“ஓடு மாத்திக் குடுத்துருவாங்க, வுடுங்க” என்றார் நாச்சிமுத்து. “எல்லாரும் முழுசா இருக்கறமில்ல? சோத்தைப் போடுங்க.”

பெருமூச்சும் சிரிப்புமாக ஜனங்கள் பந்தியில் உட்கார ஆரம்பித்தார்கள். மெர்லினும் லோகநாதனும் வேனுக்குத் திரும்பி நடந்தார்கள். வேனின் படியில் கால் வைக்கும்போது லோகநாதன்தான் கேட்டார்.

“அம்மிணி, எதுக்குங்க அவசரப்பட்டு நீங்களே அமுக்கீட்டீங்க? நான் இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குதுன்னு நின்னுட்டு இருந்தேன்.”

மெர்லின் அப்படியே நின்றுவிட்டாள்.

“நான் அமுக்கலையே அண்ணே. நீங்கதான் கிணத்தைப் பாத்துப் பதறித் தெரியாம அமுக்கிட்டீங்கன்னுல்லா நெனச்சேன்.”

“நான் தொடவே இல்லீங்.”

உள்ளே போய்த் திரையைப் பார்த்தார்கள். பத்தொன்பது வாரமும் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு சின்ன நீலப்புள்ளி விழுந்திருந்தது. குழல் அதிர்வு கொடுத்ததற்கு அடையாளம். இந்த வாரம் அந்த இடம் காலியாக இருந்தது. மெர்லின் விரலால் அந்தக் காலி இடத்தைத் தடவினாள்.

“நாம செய்யலை. அதுவா வந்துருக்கு. நானூறு வருஷம்னு நான் சொன்னேனே... இன்னைக்கு, பதினொண்ணு பதினஞ்சுக்கு.”

“பத்தொம்பது வாரம் நாம எறக்காம இருந்திருந்தா?”

“இப்ப வந்ததைப் போல ஆயிரம் மடங்கு.”

லோகநாதன் வேன் கதவு வழியாக மைதானத்தைப் பார்த்தார். இலை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அவர் ‘விட்டுரலாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்த நேரத்துக்கு ஒவ்வொருவரும் அவரவர் கூரைக்கடியில் இருந்திருப்பார்கள். அங்கன்வாடியில் பரிமளா பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பாள்.

“ஊருக்குச் சொல்லணும் அண்ணே. இப்பவே சொல்லட்டுமா?”

“சொல்லித்தான் ஆகோணும். ஒண்ணையும் மறைக்க வேண்டாமுங்க.” அவர் மைதானத்தைக் காட்டினார். “ஆனா அவீங்க சாப்புட்டு எந்திரிக்கட்டும். வாங்க, நீங்களும் ஒரு எலையில உக்காருங்க.”

மைதானத்துக்குப் போய்ப் பரிமாற ஒரு ரசவாளியை எடுத்தார். முதல் வரிசையில் குழந்தைகளோடு பரிமளா உட்கார்ந்திருந்தாள். அவள் இலைக்கு முன்னால் குனிந்தபோது கரண்டி தடதடவென்று வாளியில் இடித்தது. ரசம் இலையெல்லாம் சிந்தியது.

பரிமளா பயந்து நிமிர்ந்து, ஒரு கையால் பக்கத்துக் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். “என்னங்க, மறுபடியும் ஆடுதா?”

லோகநாதன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்கு முன்னால் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

“இல்ல சாமி, பூமி நின்னுருச்சு. நாந்தான் ஆடறேன்.”